டெலிவரி ஆகிவிட்டது என்கிறது கூரியர், வரவில்லை என்கிறார் வாங்கியவர்: விற்பவர் என்ன செய்வது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே சேலையும் கவரிங் நகையும் ஆன்லைனில் விற்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 180 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள சேலை ஒன்றை ஒரு தோட்டத்து முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். டிராக்கிங்கில் ‘டெலிவர்ட்’ என்று காட்டுகிறது. ஆனால் வாங்கிய அம்மா, பார்சல் கைக்கு வரவே இல்லை என்று விற்பனைத் தளத்தில் புகார் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கூரியரைக் கேட்டால் ‘கொடுத்தாகிவிட்டது’ என்று ஒரே வரி. “அவங்க பொய் சொல்றாங்களா அண்ணே? பணத்தைக் கொடுத்துடவா, இல்ல சண்டை போடவா?” என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே மூன்று வேலை இருக்கிறது. தளத்தில் வந்த புகாருக்குத் தளத்திலேயே பதில் போடுங்கள். கூரியரிடம் டெலிவரி ஆதாரத்தைக் கேளுங்கள். அந்த அம்மாவிடம் மரியாதையாகப் பேசி, பார்சலைச் சேர்ந்து தேடுங்கள். இந்த மூன்றும் முடியும்வரை பணத்தையும் கொடுக்க வேண்டாம், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவும் கட்ட வேண்டாம்.

பதில் போடுவதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் எதுவானாலும் வாங்குபவர் கட்டிய பணம் உடனே உங்கள் கைக்கு வருவதில்லை. பொருள் போய்ச் சேரும்வரை தளம் அதைப் பிடித்து வைத்திருக்கும். இடையில் புகார் வந்தால் நீங்கள் பதில் சொல்ல ஒரு கெடு உண்டு. அது புகார்ப் பக்கத்திலேயே தேதியும் நேரமுமாகப் போட்டிருக்கும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் உங்களிடம் எத்தனை ஆதாரம் இருந்தும் பயனில்லை, பணம் பொருளை வாங்கியவருக்கே போய்விடும். கூரியர் பதில் வரட்டும் என்று காத்திருந்தே நிறைய பேர் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆதாரம் முழுசாகக் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. இருப்பதைப் போட்டு, “கூரியரிடம் விசாரணை கேட்டிருக்கிறேன், புகார் எண் இது” என்று எழுதிவிடுங்கள். கெடுவுக்குள் உங்கள் குரல் அங்கே பதிவாக வேண்டும்.

இன்னொன்று, பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தகராறைப் பார்க்கும் ஊழியர் தளத்தின் சாட்டில் இருப்பதைத்தான் நம்புவார். போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பேசுங்கள். ஆனால் வைத்தவுடன், “அம்மா, இப்போது பேசியதுபோல நீங்கள் ஆபீஸிலும் பக்கத்து வீட்டிலும் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன் என்றீர்கள், நன்றி” என்று சாட்டில் எழுதிவிடுங்கள். பேசியது அங்கே எழுத்தாகிவிடும்.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். எனக்கு இதுதான் மிக முக்கியம். நம்ம ஊரில் என் கடையில் பல ஆண்டுகளாகப் பார்சல் வாங்கி அனுப்புகிறோம், நானும் மசாலாத் தூள் ஆன்லைனில் விற்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ‘டெலிவர்ட்’ என்று காட்டியும் கைக்கு வராத தோட்டத்துப் பார்சல்களில் பெரும்பாலானவை தோட்டத்துக்குள்ளேயே யாரிடமோதான் இருக்கும். அது எங்கே போயிருக்கும் என்பது நமக்குத் தெரியும். கோலாலம்பூரில் கணினி முன்னால் உட்கார்ந்து புகார் பார்ப்பவருக்குத் தெரியாது.

தோட்டத்து முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், 31100 சுங்கை சிப்புட், அவ்வளவுதான் பலர் எழுதுவார்கள். லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எண் இருந்தாலும் அது நிர்வாகம் போட்டது. சில தோட்டங்களில் டிவிஷனுக்கு டிவிஷன் எண் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், ஆக ‘14’ என்ற வீடு இரண்டு இடத்தில் இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் என்ற குடியிருப்பாக ஆன இடங்களில் பழைய தோட்டப் பெயரும் புதிய தாமான் பெயரும் கலந்து ஓடும். அந்தக் காலத்தில் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, கிராணி (ஆபீஸ் எழுத்தர்) பிரித்துக் கொடுப்பார். இன்றைக்கும் புதிதாக வரும் கூரியர் ரைடர் வீடு தெரியாமல் ஆபீஸிலோ, நுழைவாயில் ஜாகாவிடமோ (காவலாளியிடமோ), மளிகைக் கடையிலோ வைத்துவிட்டுப் போவது சகஜம். செம்பனைக் காட்டுக்குள் போன் லைன் கிடைக்காமல், அழைத்துப் பார்த்துவிட்டு யாரிடமாவது கொடுத்துவிடுவதும் உண்டு. இது எல்லாமே டிராக்கிங்கில் ‘டெலிவர்ட்’ என்றுதான் விழும்.

பெயர்க் குழப்பம் வேறு. லெட்சுமி என்றோ தேவி என்றோ மட்டும் எழுதியிருந்தால் ஒரே தோட்டத்தில் நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

ஆகவே அந்த அம்மாவுக்கு இப்படி எழுதுங்கள்: “வணக்கம் அம்மா. பார்சல் உங்கள் கைக்கு வரவில்லை என்பது எனக்கும் கவலையாக இருக்கிறது. கூரியரிடம் டெலிவரி படம் கேட்டிருக்கிறேன். அதற்குள் தயவுசெய்து தோட்ட ஆபீஸ், ஜாகா, கடை, பக்கத்து வீடு, வீட்டில் உள்ள மற்றவர்கள், இவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதே தோட்டத்தில் உங்கள் பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று நானே சொல்கிறேன், உங்களை விட்டுவிட மாட்டேன்.” இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் முதல் செய்தியிலேயே கோபமாக எழுதுகிறார்கள். அந்தப் பயம் தணிந்தால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

கூரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது டெலிவரி ஆதாரம். மலாயில் ‘புக்தி பெங்ஹந்தாரான்’ என்று கேட்டால் உடனே புரியும். அதில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: பெற்றுக்கொண்டவர் என்று யார் பெயர் இருக்கிறது, கையெழுத்தோ படமோ இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பதிவாகியிருக்கிறது, இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி எங்கே விழுகிறது. வாடிக்கையாளர் சேவையில் ஜிபிஎஸ்ஸைச் சுலபத்தில் தர மாட்டார்கள். விசாரணை கேட்டால் அவர்களாவது பார்ப்பார்கள். சாட்டில் பதில் சொல்லும் தானியங்கி இயந்திரத்தோடு நின்றுவிடாமல், புகாராகப் பதிந்து ‘நொம்போர் அடுவான்’, அதாவது புகார் எண், வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார் புகாரே அல்ல. அப்புறம், நம்ம ஊர்ப் பார்சலைக் கையாளும் கிளைக்கு நேரில் போக முடிந்தால் போங்கள். அந்தப் பாதையில் ஓடும் ரைடரிடம் பேச முடிந்தால் அவர் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார். நாள் கடந்துவிட்டால் அவருக்கும் மறந்துவிடும்.

படம் வந்தால் அதை வாங்கியவருக்கே அனுப்புங்கள். ஒரு தோட்டத்துப் பார்சல் தகராறில் நான் பார்த்த படம் இது: சிவப்புச் சிமெண்டுப் படி, படியில் பார்சல், பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், கதவோரத்தில் மஞ்சள் பெயிண்டில் பாதி மட்டும் தெரியும் ஒரு எண். கூரியரைப் பொறுத்தவரை அது போதுமான ஆதாரம். ஆனால் வாங்கியவர் பார்த்த மாத்திரத்தில், “எங்க வீட்டுப் படி இப்படி இருக்காது, இது மேல் லயம்” என்றார். போய்க் கேட்டால் அந்த வீட்டுப் பையன் வாங்கி வைத்து, அம்மாவிடம் சொல்ல மறந்திருக்கிறான். பார்சல் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விற்றவரும் வாங்கியவரும் அதற்குள் ஒருவரை ஒருவர் திருடர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் மேலும் தப்பில்லாத ஒரு விஷயத்துக்காக ஒரு நல்ல வாடிக்கையாளரை இழப்பது எனக்கு மனசுக்கு ஆகவில்லை. அதனால்தான் தேடுங்கள், தேடுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் நட்டம் யாருடையது? இதற்குச் சட்டம் ஒரு பதில் சொல்கிறது, தளம் ஒரு பதில் சொல்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, வாங்கியவருக்கு அனுப்புவதற்காகப் பொருளை ஒரு போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்தாலே, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வாங்கியவரிடமே ஒப்படைத்ததாக முதல் பார்வைக்குக் கொள்ளலாம் என்கிறது. படித்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே பிரிவு, விற்பவர் அந்தப் போக்குவரத்தை நியாயமான முறையில் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படிச் செய்யாமல் பொருள் வழியில் தொலைந்தால், தன்னிடம் ஒப்படைத்ததாக ஏற்க முடியாது என்று வாங்கியவர் மறுக்கலாம். ஷாப்பியிலோ லசாடாவிலோ கடை திறக்கும்போது நீங்கள் அவர்களுடைய விதிகளை ஒப்புக்கொண்டுதான் திறக்கிறீர்கள். அந்த விதிகளில் கேள்வி ஒன்றுதான்: பொருள் வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்ததா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா? தளத்தில் நடக்கும் தகராறில் 39-ஆம் பிரிவைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

தளமே ஏற்பாடு செய்த கூரியரில் அனுப்பியிருந்தால் அது உங்களுக்குப் பலம். வழியில் தொலைத்தது கூரியர்தான் என்று உறுதியானால் இழப்பீடு தளத்தின் வழியாக வரும், நீங்கள் நேரில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நீங்களே கவுண்டரில் காசு கட்டி அனுப்பியிருந்தால் கதை வேறு. கூரியரின் வாடிக்கையாளர் அங்கே நீங்கள்தான், வாங்கியவர் அல்ல. இழப்பீடு கேட்கும் உரிமையும் வேலையும் உங்களுடையவை. “நீங்களே கூரியரைக் கேட்டுக்கோங்க” என்று வாங்கியவரை விரட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். அவர் கேட்டால் கூரியர் வாயைத் திறக்காது.

கூரியர் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தோடு சேர்ந்து வரும் பொறுப்பு சிறிய தொகைதான், ரசீதிலோ அவர்களின் விதிமுறையிலோ எழுதியிருக்கும். பட்டுச் சேலை, கைப்பேசி போன்றவற்றை அனுப்பும்போது பொருளின் மதிப்பைச் சொல்லி, கூடுதல் காப்புறுதிக்குக் கட்டிவிடுங்கள். அது சில வெள்ளிதான் ஆகும். அனுப்பிய பிறகு அதைச் சேர்க்க முடியாது.

கூரியர் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால் எம்.சி.எம்.சி. என்ற மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். 2012-ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் கூரியர் நிறுவனங்களுக்கு உரிமம் தருவது அதுதான். முதலில் கூரியரிடமே புகார் செய்திருக்க வேண்டும், அந்த எண்ணும் வேண்டும். ‘நொம்போர் அடுவான்’ வாங்குங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இனி, தங்கச்சி கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் தகராறில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். பார்சலைக் கொடுக்கும்போது அது ஸ்கேன் ஆகிறதா என்று பார்க்கிறீர்களா? வேலை முடிந்து மாலையில் அவசரமாக வந்து, ஏற்கனவே ஒட்டிய லேபிளோடு பார்சலைக் கவுண்டர் ஓரத்தில் உள்ள குவியலில் வைத்துவிட்டு, “அண்ணே வச்சிட்டேன்” என்று கிளம்புகிறவர்கள் அதிகம். லேபிள் அடித்தது மட்டும் பொருள் கைமாறியதற்குச் சாட்சி ஆகாது. டிராக்கிங்கில் ‘அனுப்பத் தயார்’ என்றுதான் நிற்கும். கூரியர் ஸ்கேனர் அந்த லேபிளைப் படித்து, ‘பெறப்பட்டது’ என்று மாறும் நொடியில்தான் பொறுப்பு அவர்கள் பக்கம் போகிறது. அதற்கு முன் பார்சல் காணாமல் போனால், நீங்கள் அனுப்பவே இல்லை என்றுதான் தளமும் கூரியரும் சொல்லும், மறுத்துப் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

என் கடையில் வருபவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது இது: ஸ்கேனர் சத்தம் கேட்கும்வரை நில்லுங்கள். ரசீது வாங்குங்கள், அல்லது கவுண்டரிலேயே போனில் டிராக்கிங்கைத் திறந்து மாறிவிட்டதா என்று பாருங்கள். மூட்டையாகப் பத்துப் பதினைந்து பார்சல் கொடுப்பவர்கள் எண்ணிக்கையோடு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் ரைடராக இருந்தாலும் அதேதான். “அப்புறம் ஹப்ல ஸ்கேன் பண்ணிக்கிறேன்” என்றால், வாசலிலேயே பண்ணச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கவுண்டரில் பார்சல் மலையாகக் குவியும். அந்த நேரத்தில்தான் இது மிக முக்கியம்.

ரசீதில் எடையையும் பாருங்கள். ‘பெட்டி வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை’ என்ற வகைத் தகராறில் எடைதான் உங்களுக்கு உள்ள நடுநிலைச் சாட்சி. கவுண்டர் தராசில் 0.85 கிலோ என்று பதிவான பார்சல் காலிப் பெட்டியாக இருக்க முடியாது. ஆனால் கவனம், பெரிய பெட்டிக்குக் கூரியர் கட்டணம் போடுவது கன அளவு எடையில்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 30, 20, 10 சென்டிமீட்டர் பெட்டி காலியாக இருந்தாலும் 1.2 கிலோ என்று வரும். அந்த எண் எதையும் நிரூபிக்காது. ரசீதில் உண்மையான எடை தனியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பார்சலைத் தராசில் வைத்து லேபிளும் எண்ணும் சேர்ந்து தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது வீடியோ எடுப்பது பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் வெட்டி வெட்டி எடுத்தால் மதிப்பில்லை. பொருளைக் காட்டி, பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, லேபிளின் எண் வாசிக்கத் தெரியும்வரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். சேலையென்றால் முந்தானையை விரித்துக் காட்டுங்கள், கைப்பேசியென்றால் அதன் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைக் காட்டுங்கள். ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமித்தால் பிறகு தேடும் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இந்த வீடியோ நீங்கள் ஒழுங்காக அனுப்பியதைத்தான் காட்டும். அவர் கைக்குப் போனதைக் காட்டாது. உங்கள் இப்போதைய வழக்கில் டெலிவரி ஆதாரம்தான் பேச வேண்டும்.

தளத்தில் பதில் எழுதும்போது கோபத்தையும் கதையையும் ஓரமாக வைத்துவிடுங்கள். பார்ப்பவருக்கு ஒரு நாளில் எத்தனையோ புகார். தேதி வரிசையில் எழுதினால் போதும்: இந்தத் தேதி ஆர்டர், இந்தத் தேதி இந்த நேரம் கூரியர் ஸ்கேன், இந்தத் தேதி டெலிவரி என்ற பதிவு, இந்தத் தேதி வாங்கியவரிடம் பேசியது, கூரியர் புகார் எண் இது, இணைத்த படங்கள் இவை. “நான் பத்து வருஷமா நேர்மையா வியாபாரம் பண்றேன்” என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அதற்கு எடை இல்லை.

படம் வேறு வீட்டைக் காட்டுகிறது, அல்லது பெற்றுக்கொண்டவர் பெயர் யாரென்றே தெரியாத பெயர் என்றால், தங்கச்சி, அந்த அம்மா சொல்வது உண்மை. அதையே தளத்தில் எழுதுங்கள்: “ஆதாரப்படி பார்சல் தவறான இடத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது, கூரியர் மேல் இழப்பீடு கோருகிறேன், வாங்கியவருக்குப் பணம் திரும்பப் போகட்டும்.” விற்பவர் வாங்கியவருக்கு ஆதரவாக எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம், எழுத வேண்டும். அவர் 180 வெள்ளி கொடுத்தது சேலைக்கு; சேலை வரவில்லை. உங்கள் நட்டத்தை ஈடுகட்ட வேண்டியது கூரியர், அவர் அல்ல. தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 180 வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும்.

மாறாக, படம் அவர் வீட்டையே காட்டுகிறது, பெயர், நேரம் எல்லாம் சரி, தேடியும் இல்லை என்கிறார் என்றால் ஆதாரத்தைப் போட்டுவிட்டுத் தீர்ப்பைத் தளத்திடம் விட்டுவிடுங்கள். வாசலில் வைத்ததை யாராவது எடுத்துப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அவர் ஏமாற்றவும் வாய்ப்பு உண்டு. இரண்டில் எது என்று உங்களால் சொல்ல முடியாது. விலை உயர்ந்த பொருளென்றால், “தொலைந்ததற்கு ஒரு போலிஸ் ரிப்போர்ட் செய்து கொடுங்கள், கூரியர் இழப்பீட்டுக்கு அது உதவும்” என்று கேட்கலாம். உண்மையிலேயே இழந்தவர் பெரும்பாலும் செய்துவிடுவார். பொய்யான தகவலை அதிகாரிக்குக் கொடுப்பது தண்டனைச் சட்டம் 182-ஆம் பிரிவில் குற்றம் என்பதால் ஏமாற்றுபவர் தயங்குவார். ஆனால் மிரட்டலாக இதைச் சொல்லாதீர்கள், அதுவும் முப்பது வெள்ளிப் பார்சலுக்குச் சொல்லாதீர்கள்.

முகநூலில் ‘இவர் ஏமாற்றுக்காரர்’ என்று பெயர், முகவரி, போன் எண்ணோடு போடும் பழக்கம் நம்மவர்களிடம் பெருகி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். வாங்கியவர் அந்த விவரங்களைக் கொடுத்தது பார்சல் அனுப்ப மட்டும். வியாபாரத்தில் கிடைத்த தனிநபர் விவரங்களைப் பரப்புவது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களைத்தான் மாட்டிவிடும், அவதூறு வழக்கும் வரலாம். பிறகு பார்சல் மேல் லயத்தில் கிடைத்தால் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

தளமே இல்லாமல் முகநூல், வாட்ஸ்அப் வழியாக நேரடியாக விற்பவர்களுக்குக் கொஞ்சம். அங்கே நடுவர் கிடையாது, ஆகவே விதியை நீங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: எந்தக் கூரியர், எத்தனை நாள், தொலைந்தால் பணமா மாற்றுப் பொருளா. டுவிட்நவ் பணப் பரிமாற்ற ரசீது என்று அனுப்பும் படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். ஆள் மீது சந்தேகம் வந்தால் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலிஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுக்கு விற்றுப் பேபாலில் பணம் வாங்குகிறவர்கள், பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள அதே முகவரிக்குத்தான் டிராக்கிங்கோடு அனுப்ப வேண்டும். ‘தங்கை வீட்டுக்கு அனுப்புங்க’ என்று சாட்டில் கேட்டு மாற்றினால் விற்பவர் பாதுகாப்பு போய்விடும். அங்கே 180 நாள் வரை வாங்கியவர் தகராறு திறக்கலாம் என்பதால் ரசீதுகளைக் குறைந்தது அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

நேரடி விற்பனையில் விஷயம் முற்றினால், வாங்கியவர் உங்களைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. கடிதம் வந்தால் பயப்படாமல், அதே தேதி வரிசைத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போகாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். அது பயனீட்டாளருக்கான மன்றம், விற்பவர் வாங்கியவர் மேல் அங்கே வழக்குப் போட முடியாது. உங்களுக்கு யாராவது பணம் தர வேண்டியிருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. தனிநபராக நீங்களே போடலாம், அதிலும் வழக்கறிஞர் இல்லை. 180 வெள்ளிக்கு அவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆர்டரிலிருந்து தோட்டத்து முகவரி வந்தால், பார்சல் கட்டுவதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பி நாலு விவரம் வாங்கிவிடுங்கள்: முழுப் பெயர் அப்பா அல்லது கணவர் பெயரோடு, டிவிஷனும் வீட்டு எண்ணும், எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் (கோயில், தமிழ்ப்பள்ளி, பழைய ஆஸ்பத்திரி), வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். ரைடர் வருவது முற்பகலில் என்றால் நாலாவது விவரம்தான் பார்சலைக் காப்பாற்றும். நம்ம ஊருக்கே அனுப்பும்போது ‘சுங்கை சிப்புட் உத்தாரா, பேராக்’ என்று மாநிலத்தையும் சேர்த்து எழுதுங்கள். மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது, அஞ்சல் குறியீடு தப்பினால் பார்சல் தெற்கே போய்விடும். தோட்டத்துக்குள் வரமுடியாத ரைடர் என்று தெரிந்தால், பட்டணத்தில் உள்ள கூரியர் கடைக்கே அனுப்பி, அவர் சந்தைக்கு வரும்போது ஐசியை (அடையாள அட்டையை) காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது. பலருக்கு அதுதான் வசதியும்கூட.

கடைசியாக, பணம் திரும்பப் போன பிறகு பார்சல் கிடைத்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போதே அந்த அம்மாவிடம் சாட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்: “பிறகு கிடைத்தால் பிரிக்காமல் வைத்திருங்கள், சேலை வேண்டுமென்றால் பணத்தை அனுப்பிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளும் கூரியர் செலவு என்னுடையது.” கூரியரிடம் இழப்பீடு கேட்டிருந்தால், பார்சல் கிடைத்த அன்றே அந்தக் கோரிக்கையை ரத்து செய்யுங்கள். இழப்பீடு ஏற்கனவே வந்திருந்தால் கூரியருக்கும் தெரிவித்து, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.